வீட்டுக்கொரு கம்பளி

கொட்டச்சேடு
10.12.1984

அன்புள்ள லூர்தம்மாளுக்கு,

நான் சுகம். நீயும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? நம் சின்னவனுக்குச் சளி விட்டதா?

ஐப்பசி மழையில் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளின் கூரை பறந்தபோது, கோயிலில் வீட்டுக்கொரு கம்பளி கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? போன வாரப் பூசையில் சாமியார், கடலோரத்தில் புயலாம், முடிந்த பொருளைக் காணிக்கையாகக் கொண்டுவாருங்கள், ஏலம் விட்டுப் பணத்தை அங்கே அனுப்புவோம் என்றார். "குடுத்துப்போட்டு இப்பக் கேக்கறாங்களே!" என்று பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அக்கா முணுமுணுத்தார். எனக்கோ மழையில் நடுங்கி நின்றதுதான் நினைவுக்கு வந்தது.

நேற்று என் கம்பளியைக் கொண்டுபோய் வைத்தேன். எல்லார் வீட்டிலும் அதே கம்பளி இருக்க, யார் ஏலம் கேட்பார்கள்? எனக்கு வெட்கமாகப் போயிற்று. கடைசியில் அக்காதான் எழுந்தார். "அஞ்சு ரூவாய்க்கு நா எடுத்துக்கறனுங்க சாமி. ஊட்டுல மூணு பசங்களும் ஒரே கம்பளிய இழுத்துக்கறாங்க." எல்லாரும் சிரித்துவிட்டோம். முணுமுணுத்தவரே காணிக்கையும் கொடுத்துவிட்டார்.

இங்கே குளிர் அவ்வளவு இல்லை, கவலைப்படாதே. யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஊறுகாயும் உன் பழைய சேலை ஒன்றும் கொடுத்தனுப்பு. எஸ்டேட் ரைட்டர் தபால் பையைக் கட்டுகிறார், நிறுத்துகிறேன்.

சேலையைத் துவைக்க வேண்டாம்.

ஸ்தனிஸ்லாஸ்