நீ தாண்டிப் போன வசனம்

இன்று காலை ஆரியங்கோட்டிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். வளைவில் கல் ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. மழையில் நனைந்த பாறைப்பொடியின் மணம் ஜன்னல் வழியாக ஏறி வந்தது. உடனே உன் ஞாபகம். நல்ல ஞாபகம் இல்லை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் அடக்கத்தில் ஆறு பேர் பேசினார்கள். நல்ல வாத்தியார், நல்ல சபைச் செயலாளர், நல்ல பிரசங்கி என்றார்கள். நான் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, ரோட்டில் நின்று கேட்டேன். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மிச்சத்தை யாரும் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

வேத புஸ்தகத்தில் உள்ள ஆமோஸை எனக்குக் காட்டித் தந்தவன் நீ. நமக்குப் பத்தொன்பது வயது. வாலிபர் கூட்டத்தில் நீ எழுந்து நின்று அந்தத் தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசினாய். ஏழைகளை மிதித்துவிட்டு ஆலயத்துக்கு வந்து பாடுகிறவர்களின் பாட்டைக் கேட்கக் கடவுளுக்கு மனமில்லை என்று ஒரு மனிதன் ராஜாவின் ஊருக்கே போய்ச் சொன்ன கதை. கூட்டம் முடிந்து நடக்கும்போது கேட்டேன், அந்த ஆளுக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று.

"அவன் படிச்ச ஆளில்ல மக்கா," என்றாய். "ஆடு மேய்ச்சவன். அவனுக்கு இழக்கதுக்கு ஒண்ணும் இல்ல. அதாக்கும் காரியம்."

பிறகு உனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. சபைச் செயலாளர் ஆனாய். நம்முடையது சின்னச் சபை. போதகர் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார், மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் உன்னுடையது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆமோஸை எடுத்துவிடுவாய். ஒவ்வொரு தடவையும் நான் முன்வரிசையில் இருந்து கேட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள குன்றில் குவாரி வந்தது. கீழே ஐந்து வீடுகள். மத்தியானம் வெடி வைப்பார்கள். என் அம்மை பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் சுவரின் பூச்சு உதிர்ந்து அவள் போர்வையில் விழும். அவளுக்குப் பேச்சு குழறும். வெடிச் சத்தம் கேட்டதும் என் கையைத் தேடுவாள். இரண்டாவது மாதம் அவள் தலைமாட்டுச் சுவரில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

ஐந்து வீட்டுக்காரர்களும் தாலுக்கா ஆபீஸுக்குப் போனோம். அங்கிருந்த கிளார்க் எங்களை விநோதமாகப் பார்த்தார். "பள்ளிக்காரு சம்மதிச்சல்லோ. பின்னெ எந்தா?" என்றார். சபையே சம்மதித்துவிட்டது, உங்களுக்கு என்ன என்று அர்த்தம். ஃபைலைத் திருப்பிக் காட்டினார். நம் சபையின் லெட்டர்பேடு. அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்று நான்கு வரி. கீழே உன் கையெழுத்து. அந்த எழுத்தை எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

அப்போது புது ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தது. கல் முழுவதும் குவாரி முதலாளி சும்மா கொடுத்தது. அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எதற்காகக் கொடுத்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

உன்னை ஆலயத்தின் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தேன்.

"எலே, அது உனக்க கையெழுத்தா?"

"சபைக்கு வேண்டியாக்கும் செய்தேன். கர்த்தருக்க வீடு."

"எனக்க அம்மை கிடக்குத வீடு ஆருக்க வீடு?"

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுக்கி வைத்திருந்த கல்லைப் பார்த்தாய். "கொஞ்ச நாளைக்கு அம்மைய உனக்க தங்கச்சி வீட்டில கொண்டு விடு," என்றாய். இருபத்தைந்து வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன் நீ.

அடுத்த ஞாயிறு நீ ஆமோஸை எடுத்தாய். ஏன் எடுத்தாய் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. பழக்கமாக இருக்கலாம். ஐந்தாம் அதிகாரம். நீ வாசிக்க வாசிக்க நான் விரல் வைத்துத் தொடர்ந்தேன். பத்தாம் வசனத்தை முடித்தாய். அடுத்து வந்தது பன்னிரண்டு.

நான் எழுந்தேன். "ஒரு வசனம் விட்டுப்போச்சு," என்றேன். வெட்டின கல்லால் வீடு கட்டிக்கொண்டவர்கள் அதில் குடியிருக்கப் போவதில்லை என்கிற பதினோராம் வசனத்தை நானே சத்தமாக வாசித்தேன். நீ வேத புஸ்தகத்தை மூடிவிட்டு, "ஆராதனையில ஒழுங்கு வேணும், உக்காரு," என்றாய்.

ஒரு வாரத்தில் சபைக் கமிட்டியின் கடிதம் வந்தது. ஆராதனையைக் குலைத்ததற்காக மூன்று மாதம் எனக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் இல்லை. அதிலும் உன் கையெழுத்து.

சுவர் விழுந்துவிடும் என்று பயந்து அம்மையைச் செங்கல் என்ற ஊரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் அங்கே நாற்பது நாள் இருந்தாள். நான் போகும்போதெல்லாம் "வீட்டுக்கு" என்ற ஒரு சொல்லை மட்டும் தெளிவாகச் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்றேன். தங்கச்சி வீட்டிலேயே இறந்துபோனாள்.

அம்மையின் அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து நீ என் முற்றத்துக்கு வந்தாய். முகம் வீங்கியிருந்தது. கிட்னி கெட்டுப்போய் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறாய் என்று கேள்விப்பட்டிருந்தேன். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"ஆமோஸுக்க கடைசியில ஒரு நல்ல வார்த்தை உண்டு," என்றாய். "இத்தற வருஷத்தில நான் அதை ஒருநாளும் பிரசங்கம் செய்யல்ல. விழுந்ததை எடுத்துக் கட்டுவேன், விரிசலை அடைப்பேன்னு கர்த்தர் சொல்லியிருக்காரு மக்கா."

நான் வழியை மறித்து நின்றேன். "அவரு கட்டுவாரு. இடிச்சது ஆருன்னு நீ சொல்லு. எனக்கிட்ட வேண்டாம், தாலுக்கா ஆபீஸில போய்ச் சொல்லு."

நீ வாசல்வரை நடந்தாய். பிறகு "வாறேன்" என்றாய். மன்னிப்பு என்ற சொல் கடைசிவரை உன் வாயில் வரவில்லை.

ஆமோஸின் அந்தக் கடைசி அதிகாரத்தை அதற்குப் பிறகு பல தடவை வாசித்திருக்கிறேன். அவ்வளவு கோபப்பட்டவன் கடைசி ஐந்து வசனத்தில் திராட்சைத் தோட்டத்தையும் பழத்தையும் பற்றிப் பேசுகிறான். அதை வேறு யாரோ பின்னால் சேர்த்தார்கள் என்று சிலர் சொல்வதாகப் போதகர் ஒருமுறை சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஒன்று தெரியும். அந்த ஐந்து வசனத்துக்கு வர ஆமோஸ் குறுக்குவழி எதுவும் எடுக்கவில்லை. நீ என் முற்றத்தில் நின்று எடுக்கப் பார்த்தாய்.

குவாரி பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கான விசாரணை தாலுக்கா ஆபீஸில் வந்தது. நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை. ஆட்டோவில் வந்து இறங்கினாய். குவாரி முதலாளியும் பாதிக் கமிட்டியும் அங்கே இருந்தார்கள். உன் முறை வந்ததும் எழுந்து, அதிகாரியிடம் மலையாளத்தில் சொன்னாய்: "அது ஞான் எழுதியதாணு, சாரே. ஒரு வீட்டிலும் சோதிச்சில்ல." அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன், ஒரு வீட்டிலும் கேட்கவில்லை என்று. இருக்கையைப் பிடிக்காமல் நின்று சொன்னாய். பக்கத்தில் இருந்த கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்.

பெர்மிட் கிடைக்கவில்லை. குவாரி நின்றது. அந்த வாரமே உன்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். ஐந்து வீட்டிலும் விரிசலை அடைத்துவிட்டோம். குவாரி வந்தபின் வற்றிப்போன எங்கள் கிணற்றில் மறுபடி தண்ணீர் ஊறுகிறது. அம்மை இல்லை. இதில் எது எதைச் சரிக்கட்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உன்மேல் உள்ள கோபம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் அன்று விசாரணை முடிந்து நீ தனியாக வெளியே வந்தாய். கமிட்டிக்காரர்கள் உன்னைத் தாண்டிப் போனார்கள். ஆபீஸ் படிக்கட்டில் உன் கால் இடறியது. கைப்பிடி இல்லாத படி அது. ஒரு கையைக் காற்றில் நீட்டினாய், பிடிக்க எதுவும் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நின்றாய். நான் மூன்று படி கீழே நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். எட்டினால் பிடித்திருக்கலாம். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.