ஜப்பான்காரி

ராஜகீழ்ப்பாக்கம்
9.6.2024, ஞாயிறு

என் பிரியமான எப்சிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் நலம். நீயும் உன் டெபோரா அக்காவும் நாவலூரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போதகர் வேதசிரோமணி ஐயா சொன்னபடி போனைத் தொடாமல் பேனாவைப் பிடித்திருக்கிறேன். "போன்ல பேசினா ரெண்டு பேரும் அடிச்சிக்கிறீங்க, கொஞ்ச நாள் கடுதாசி எழுதிப் பாருங்க" என்று அவர் நம்மை உட்கார வைத்துச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்யாணத்துக்கு முன்புகூட நான் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுத்துப் பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள்.

வீட்டில் எல்லாம் பழையபடிதான். கங்கம்மா தினமும் பெருக்கித் துடைத்துவிட்டு, "அக்கா எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். ஆலயத்தில் பாடகர் குழுவில் உன் இடம் காலியாக இருக்கிறது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

வண்டி விஷயம் கேள். மெர்வினும் நானும் வண்டலூரில் ஒரு டாக்டர் வீட்டு வேப்பமரத்தடியிலிருந்து இழுத்து வந்தபோது நீ மூக்கைப் பொத்திக்கொண்டாயே, அந்த எழுபத்துநாலாம் வருஷத்துச் செலிக்கா காரை இப்போது பார்த்தால் அசந்துபோவாய். அவள் அடிவயிற்றில் இருந்த துருவையெல்லாம் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்று. எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிட்டேன். இனி மழைக்காலத்தில் அவள் அடம்பிடிக்க மாட்டாள். அவளுடைய இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பியிருக்கிறேன். திட்டாதே, துணி விரித்துத்தான். உன் இட்லிக் குண்டானில் சோப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாகங்களைப் போட்டேன். ஐம்பது வருஷ அழுக்கு எப்படிக் கழன்று வந்தது தெரியுமா! குண்டானை நன்றாகக் கழுவிவிட்டேன்.

தள்ளும்போது பின்சக்கரத்தில் ஒரு முனகல் இருந்தது. மெர்வினைத் தள்ளச் சொல்லிவிட்டு நான் தரையில் காதை வைத்துக் கேட்டேன். பேரிங்தான். அவனுக்குக் கேட்கவே இல்லை, எனக்குக் கேட்டது.

எப்போது வருகிறாய்?

உன்
அன்பு


நாவலூர்
15.6.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். டெபோரா அக்கா பொறுக்கமாட்டாமல் பிரித்து, நடுப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் குளியலறைக் கதவைத் தட்டுகிறாள். "ஏட்டி எப்சி, எவளையோ வீட்டுல கொண்டு வச்சிருக்காரு! அவ அடிவயிறுங்காரு, அடம்பிடிக்க மாட்டாங்காரு!" நான் ஈரத் தலையோடு ஓடிவந்து, அவள் நாலு சக்கரத்து ஜப்பான்காரி என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து படித்தபோது சிரிப்பு வரவில்லை.

நான் ஏன் வந்துவிட்டேன் என்று போதகர் ஐயா கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "தெரியல ஐயா, திடீர்னு கிளம்பிடுச்சு." அந்தச் சொல்லில்தான் காரணமே இருக்கிறது. ஈஸ்டருக்கு மறுவாரம் எனக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்ததே, அன்று நீங்கள் போர்டிகோவில் நின்று உங்கள் கூட்டாளி மெர்வினிடம் போனில் பேசியது என் கட்டில் வரைக்கும் கேட்டது. "அதுக்கு ஜுரம் மச்சான். மாத்திர போட்டுக்கினு தூங்கினு கீது. நான் அவளுக்கு ஆயில் மாத்திக்கினு கீறேன்."

நான் அது. வாசலில் நிற்கிற தகரம் அவள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ஆட்டைத்தான் அது என்போம்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. வேறு ஒருத்தியாக இருந்தால் அவள் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன், இதனிடம் என்ன கேட்க? சக்கரத்தின் முனகலைத் தரையில் காதை வைத்துக் கேட்கிற மனுஷருக்கு, பெண்டாட்டி பாடுவதை நிறுத்தியது கேட்கவில்லை. பாடகர் குழுவில் என் இடம் இப்போது காலியாகவில்லை அத்தான். கிறிஸ்துமஸிலிருந்தே காலி. நான் ஒவ்வொரு ஞாயிறும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை நீங்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரமாக வந்து என் புடவைகளை எடுத்துக்கொள்கிறேன். இட்லிக் குண்டானையும்தான். இனி அதில் இட்லி அவிக்க முடியாது. ஆனாலும் அவளுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

எப்சி


ராஜகீழ்ப்பாக்கம்
23.6.2024

என் எப்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பாடகர் குழு விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாமல் போனது தப்புத்தான்.

ஆனால் 'அது' விஷயத்தில் நீ என்னைத் தப்பாக எடுத்துக்கொண்டாய். உன் ஊர் வேறு, என் தெரு வேறு. எங்கள் பக்கம் பெண்டாட்டியை 'அது' என்பதுதான் செல்லம். எங்கப்பா, "அது சாப்ட்டுச்சா?" என்று கேட்காமல் சோற்றில் கைவைத்ததே இல்லை. அதுதான் எங்கம்மா. 'அவ' என்று ஆரம்பித்தால் சண்டை என்று அர்த்தம். "அவ இன்னா பெரிய இவளா?" என்று குழாயடியில் நீயே கேட்டிருப்பாய். வண்டியை அவள் என்பது மெர்வின் பழக்கிவிட்டது. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இங்கிலீஷில் அப்படித்தான் எழுதுகிறார்கள். சத்தியமாக வேறொன்றும் இல்லை. இனி எழுத மாட்டேன்.

நீ புதன்கிழமை வந்து போனது தெரிந்தது. பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டேன்.

இதற்கு நடுவில் பெரிய பேஜார். கார்புரேட்டரில் ஒரு ஜெட்டைக் காணவில்லை. கடலைப்பருப்பு அளவு பித்தளைத் துண்டு, நடுவில் முடி நுழைகிற ஓட்டை. பெட்ரோலை அளந்து விடுவது அதுதான். அது இல்லாமல் வண்டி கிளம்பாது. மெர்வின் எங்கெங்கோ எழுதி ஜப்பானிலிருந்து வரவழைத்த ஜோடியில் ஒன்று. பிரிட்ஜை நகர்த்திப் பார்த்தாயிற்று, குப்பையைக் கொட்டிப் பார்த்தாயிற்று. கங்கம்மாவைக் கேட்டது வினையாகிவிட்டது. "இன்னா சார், அந்தப் பித்தளைய எடுத்துக்கினு போயி நான் இன்னா தாலியா செஞ்சிக்கப் போறேன்?" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

மனசே சரியில்லை எப்சி. வீட்டில் எது எங்கே இருக்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

உன்
அன்பு


நாவலூர்
30.6.2024

அன்புள்ள அத்தானுக்கு,

முதல் வேலையாகக் கங்கம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். ஜெட்டை எடுத்தது நான்.

புடவை எடுக்கத்தான் வந்தேன். சாப்பாட்டு மேசையில் நான் உட்காருகிற பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகிற பிள்ளை மாதிரிப் படுக்கவைத்திருந்தீர்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கைக்கு அகப்பட்டதில் சின்னதை எடுத்து மணிபர்சில் போட்டுக்கொண்டேன். பஸ் மேடவாக்கம் தாண்டும்வரை ஒரே சந்தோஷம். அவளை வாசலைத் தாண்டவிடாமல் செய்துவிட்டேன் என்கிற சந்தோஷம். ஒரு தகரத்தோடு மல்லுக்கு நிற்கிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று சோழிங்கநல்லூரில் இறங்கும்போது அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மாமா கேட்கிற 'அது' எனக்குப் பிடித்திருக்கிறது. அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். "நல்ல மனுஷன்லா" என்றாள். ஆனால் மாமா சாப்பிட்டுச்சா என்று கேட்ட பிறகுதான் சோற்றில் கைவைத்தார். நீங்கள் எப்போது கேட்டீர்கள்?

எனக்கு ஒன்று செய்யுங்கள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெரிதாக வேண்டாம், ஒரு பக்கம் போதும். என்னை வா என்று கூப்பிடுங்கள். பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை பெட்டியோடு வந்துவிடுகிறேன். ஜெட்டை நானே உங்கள் கையில் தருகிறேன். அதை எந்த ஓட்டையில் மாட்டுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவும் தயார். சத்தியமாகச் சண்டை போட மாட்டேன்.

அக்கா இரண்டு நாளாக என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். காத்திருக்கிறேன் அத்தான்.

உங்கள்
எப்சி


ராஜகீழ்ப்பாக்கம்
7.7.2024

என் உயிரான எப்சிக்கு,

கிடைத்துவிட்டதே! கர்த்தருக்குக் கோடி நன்றி. உன் கடிதத்தைப் படித்ததும் மெர்வினுக்குப் போன் போட்டுக் கத்திவிட்டேன். கங்கம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.

நீ கேட்டபடி வண்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதப்போவதில்லை. உன்னைப் பற்றியே எழுதுகிறேன். உன்னை முதல்முதல் பார்த்தது தாம்பரம் ஸ்டேஷன் பக்கம், நல்ல மழை. நீ நீலப் புடவையில், குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தாய். என் பைக் நின்றுபோயிருந்தது. பிளக்கில் தண்ணீர் இறங்கிவிட்டது. கழற்றித் துடைத்துப் போட்டும் பொறி வரவில்லை, பிறகு பார்த்தால் ஒயரிலேயே வெடிப்பு. அது பைக், வண்டி இல்லை என்பதால் எழுதினேன். நீ அவ்வளவு நேரமும் குடை பிடித்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கே நினைத்துக்கொண்டேன், இது பொறுமையான பெண் என்று.

இன்னொன்று. இதுவும் வண்டியைப் பற்றி இல்லை, ஜெட்டைப் பற்றி மட்டும்தான். மணிபர்சில் காசோடு போட்டு வைத்திருக்கிறாயே, தயவுசெய்து உடனே வெளியில் எடு. கீறல் விழுந்தால் தொலைந்தது. பஞ்சில் சுற்றி, காலி மாத்திரை டப்பா எதிலாவது போட்டு வை. ஓட்டையில் தூசி தெரிந்தால் வாயால் ஊது. ஊசியால் மட்டும் குத்திவிடாதே, ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் தாறுமாறாக இறங்கும். அக்கா பிள்ளைகள் கையில் கொடுக்காதே.

சனிக்கிழமை வரை நீ அதை வைத்துக்கொண்டு சிரமப்பட வேண்டியதில்லை. மெர்வின் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வேலையாக வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்பினாலே போதும். சனிக்கிழமை காலையிலேயே மாட்டிப் பார்த்துவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அக்காவுக்கு என் அன்பு.

என்றும் உன்
அன்பு


நாவலூர்
12.7.2024, வெள்ளி

அன்பு அவர்களுக்கு,

மெர்வின் கீழே காத்திருக்கிறார். மாடிக்கு வர அவருக்குக் கூச்சமாக இருக்கிறது போலும், அக்கா காபி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஜெட்டைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் போட்டிருக்கிறேன். கீறல் இல்லை. ஊசி படவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓட்டை சுத்தமாக இருக்கிறது. சனிக்கிழமை காலை வண்டி கிளம்பிவிடும். நீங்கள் உழைத்த உழைப்புக்கு அது கிளம்பத்தான் வேண்டும்.

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு நான் காட்டவில்லை. முதல் தடவை படித்தபோது, வா என்று எங்கேயாவது எழுதியிருப்பீர்கள், நான்தான் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி படித்தேன். இனிப் பொறாமைப்பட எனக்குத் தெம்பு இல்லை. அந்த ஜப்பான்காரி ஜெயித்துவிட்டாள், நல்லபடியாக இருக்கட்டும்.

போதகர் ஐயாவிடம் நானே பேசிவிட்டேன். அவர் எனக்காக ஜெபித்தார். பெட்டியை மறுபடி பிரித்து அடுக்கிவிட்டேன். வீட்டுச் சாவியையும் இந்த டப்பாவோடு கொடுத்திருக்கிறேன்.

அறுப்பின் பண்டிகைக்கு நானும் அக்காவும் ஆலயத்துக்கு வருவோம். எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்வதுபோல எனக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். நானும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
எப்சி ரத்தினபாய்