மாமரம் பூத்த சேதி

என் அம்முலு,

உன் மாமியார் வீட்டுக் கொல்லை மாமரம் இந்த மாசியில் பூத்துவிட்டதடி. இலை தெரியவில்லை, அத்தனை பூ. திருப்புலிவனமே வந்து பார்க்கிறது. நானும் போனேன்.

நீ வாழப்போன பிறகுதான் அது பூக்காமல் நின்றது. "இவ கால் வச்ச நேரம்" என்றாள் உன் மாமியார். மரத்தைக் காய்க்க வைக்கிறேன் என்று மார்கழியிலும் விடாமல் உன்னைக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமக்க வைத்தாள். போன மாசியில் மரத்தை மிரட்டப் பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டு, "இந்த வூட்ல காய்க்காதது ரெண்டு கீது. மரத்த வெட்டலாம், இவள இன்னா பண்றது?" என்று உன்னைக் காட்டிச் சிரித்தாளே, அதை மறப்பேனா?

ஆடியில் நீ கிணற்றடியில் ரத்தம் போய் விழுந்தாய், எழவேயில்லை. வயிற்றில் பிள்ளை இருந்ததென்று மருத்துவச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிளை நுனியில் மொட்டு தேடி விடியலில் அலைகிற உன் மாமியார் கண்ணுக்கு, நீ வாந்தியெடுத்தது மட்டும் நடிப்பாகத் தெரிந்ததாம்.

"பாத்தியா சம்பந்தி, செருப்புக்குப் பயந்துகினு பூத்துச்சு" என்றாள் இப்போது பூ பார்க்கப் போன என்னிடம்.

"செருப்புக்கு இல்ல. தண்ணி சொமக்க எம்பொண்ணு இல்ல, அதான் பூத்துது. மார்கழி, தையில மா காஞ்சி கெடக்கணும். வேர்ல ஈரம் இருந்தா தழைதான் வுடும். எம்பொண்ணக் கொன்ன தண்ணிதான் உம் மரத்தையும் மலடாக்கி வச்சிருந்துது."

பூ பார்க்க வந்த பெண்கள் மரத்தை விட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "பேஜார் பண்ணாத, போ" என்றவள் முகத்தில் ரத்தமில்லை. அது எனக்குப் போதவில்லை அம்முலு.

உன் புருஷனுக்கு மறுபடி காவாந்தண்டலத்தில் பெண் பேசுகிறார்கள். அவர்கள் பூவோடு போவதற்கு முன் நான் வெறுங்கையோடு போனேன். "நீ யாரும்மா?" என்றாள் பெண்ணைப் பெற்றவள். "உம்பொண்ணு எடுக்கப்போற கொடத்த ஆடி வரைக்கும் தூக்கிகினு இருந்தவளோட அம்மா" என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு மகளை உள்ளே போகச் சொன்னாள்.

இனி எந்த ஊரில் பெண் கேட்டாலும் அவர்களுக்கு முன்னால் நான் போய் நிற்பேன். என் காலில் நடை இருக்கும்வரை அந்த வீட்டுக்கு மருமகள் கிடையாது. இது சத்தியம்.

வயிற்றில் பிள்ளை இருப்பது உனக்கு முன்னமே தெரியுமா? தெரிந்தும் எனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை, கண்ணு?

உன்னைப் பெற்றவள்