இரண்டு பூட்டுக்குள் ஒரு கோடரி

ஆழ்வார்பேட்டை,
திங்கட்கிழமை.

அன்புள்ள நீரஜாவுக்கு,

இங்கு நலம். வர்ஷினியும் குழந்தையும் நலமென்று படங்களில் கண்டேன். குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றும் தணிந்ததா என்று எழுது.

தொலைபேசியில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இதை எழுதுகிறேன். புயலன்று எடுத்த வீடியோவை நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பாய். மூன்றாம் மாடி ஜெயராம் மரம் வெட்டுகிறார். நான் அவருக்குக் குடை பிடிக்கிறேன். அதற்கு முன் நடந்ததையும் நீ அறிவதே நியாயம்.

தூங்குமூஞ்சி மரத்தின் பெருங்கிளை வாசற்கதவின் மேல் விழுந்தபோது மாலை மணி நான்கு. முதல் மாடி சந்திரிகா மாமிக்கு மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ் தெருவில் நின்றது. ஸ்ட்ரெச்சரைக்கூட உள்ளே கொண்டுவர வழியில்லை.

இத்தகைய அவசரத்துக்காகவே, சங்கச் செயலாளர் என்ற முறையில், மூன்று கடைகளில் விசாரித்து ஃபைபர் பிடி போட்ட புதுக் கோடரி வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தேன். கூரிய ஆயுதம் என்பதால் இரண்டு பூட்டுகள்: ஒரு சாவி செயலாளரிடம், மற்றது பொருளாளரிடம். பொருளாளர் நீ. உன் சாவி புனேயில், உன் கைப்பையில்.

வாட்ச்மேன் பிரசாத், "ஒடச்சிடட்டா சார்? மாமி மூச்சு வாங்கிக்கினு கீது" என்றான். உன் ஒப்புதலைக் கேட்டுக்கொள்ளலாம் என்று மூன்று முறை அழைத்தேன்; நீ எடுக்கவில்லை. அதற்குள் ஜெயராம் தன் பழைய கருவேலம்பிடிக் கோடரியோடு வந்துவிட்டார். "ஏன் ஓய், பொட்டியத் திறக்க வாய்தா வாங்கியிருக்கீரா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினார். இருபது நிமிடம். அறுபத்து மூன்று வயதில் அவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. மாமி பிழைத்து, நேற்று வீடு திரும்பினார்.

மறுநாள் நீ குழுவில் எழுதினாய்: "ஜெயராம் இருக்கறச்சே நமக்கென்ன கவலை." அந்த வரியைப் பலமுறை படித்தேன். மறுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

எந்தக் கோடரியை வைத்துக்கொள்வது என்று வரும் ஞாயிறன்று பொதுக்குழு கூடுகிறது. ஃபைபர் பிடி மழையில் ஊறாது, கையை அதிரவைக்காது. ஆனால் மரப்பிடி உடைந்தால் மந்தைவெளித் தச்சர் அன்றே வேறு பிடி போட்டுத் தருவார். எனவே ஜெயராமின் வகையையே பரிந்துரைத்து, பூட்டுகளையும் நீக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் வரைவில், அவர் கோடரியின் தலை ஆடுகிறது என்று ஒரு வாக்கியம் இருந்தது. உண்மையில் ஆடவில்லை. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

அன்று நீ போனை எடுத்திருந்தால் "உடையுங்கோ" என்றிருப்பாய். உடைத்தவன் நானாக இருந்திருப்பேன். உன்மீது குறையில்லை. கேட்கத் தேவையில்லாததைக் கேட்டுக்கொண்டு நின்றவன் நான்.

நேற்று ஜெயராம் எனக்கு ரசம் கொடுத்தனுப்பினார். அவரே வைத்ததாம். நன்றாகவே இருந்தது, தயவுசெய்து இதைக் குழுவில் எழுதாதே.

மாதக் கடைசிவரை வர்ஷினியோடு இரு என்று சொன்னவன் நான்தான். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற அனுமதி கேட்கிறேன். பேத்திக்கு என் ஆசிகள்.

என்றும் உன்,
சுப்பராமன்