நான் அழித்த முந்நூற்றுப் பன்னிரண்டு முட்கள்

நவம்பர் 24, திங்கள்

போர்வைக்குள் டார்ச். மிரெல்லா அக்கா விழித்தால் இதைப் பிடுங்கி, காலைக் காப்பியின்போது வீட்டுக்கே வாசித்துக் காட்டுவாள்.

பள்ளியிலிருந்து என்னை இரண்டு வாரம் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சூரியனுக்கு வெகு அருகே போகும் விண்கலம் அளந்த காந்தப்புலம், திரையில் கோடாக ஓடுகிறது. சூரியக் காற்றின் கொந்தளிப்பை அதிலிருந்து படிக்கவேண்டும். ஆய்வாளர் ஓர்னெல்லா மேடம் சொன்னார்: “கருவி தும்மினா கோட்டுல ஒரு முள் நிக்கும். பிரதியிலேர்ந்து அதை எடுத்துடு. எடுத்த நேரத்தை மட்டும் எழுதி வை.”

கருவி தும்முமாம்!

நவம்பர் 27

முந்நூற்றுப் பன்னிரண்டு முட்களை எடுத்துவிட்டேன். கோடு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. அடுத்த வார வெள்ளிக்கிழமைக் கருத்தரங்கில் மேடம் இதைத்தான் காட்டப்போகிறார்.

டிசம்பர் 1, திங்கள்

செத்தேன்.

காப்பி இயந்திரத்தருகே பேராசிரியர் ஸ்காலிசே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சூரியனருகே காந்தப்புலம் சட்டென்று தலைகீழாகித் திரும்புமாம். பார்க்கக் கருவிக் கோளாறு மாதிரியே இருக்குமாம். ஆனால் அதே நொடியில் காற்றின் வேகமும் எகிறுமாம்.

ஓடிப்போய் வேகப் பதிவைத் திறந்தேன். என் முதல் முள் – வேகம் எகிறியிருக்கிறது. இரண்டாவது – அதுவும். பத்து பார்த்தேன். பத்தும்.

டிசம்பர் 2

சொல்லவில்லை.

டிசம்பர் 3

இன்றும் சொல்லவில்லை. “என்ன தெக்லா, முகம் வேகாத பாஸ்தா மாதிரி இருக்கு?” என்றார் மேடம். அந்தப் படத்தோடு போய் நாளன்றைக்கு எல்லார் முன்னாலும் நிற்பாரே. நான் என்ன பண்ண?

டிசம்பர் 4

சொல்லிட்டேன்! “மேடம், நான் அழிச்சது தும்மல் இல்ல. சூரியன்.”

மேடம் திரையைப் பார்த்தார். பேராசிரியரைக் கூப்பிட்டார்.

“வேகத்தை யாரு பாக்கச் சொன்னா?” என்றார் பேராசிரியர்.

“யாரும் இல்ல சார். பயத்துல பாத்தேன்.”

“பாத்தியா ஓர்னெல்லா? உனக்கு அந்தப் பயம் வரவேயில்ல!”

“ஆமா, ‘கோடு என்ன அழகு’ன்னு நேத்து உருகினது யாராம்?”

இருவரும் சிரித்தார்கள். “மூலப் பதிவு பத்திரமா இருக்கு, அழாத,” என்றார் மேடம். பேராசிரியர் என் நோட்டைப் புரட்டினார். எடுத்த நேரமெல்லாம் நொடி பிசகாமல் இருந்தது. “இந்தத் திருப்பங்களை ஒண்ணொண்ணா பொறுக்கித் தர ஆளு கேட்டு மூணு மாசமா கத்தறேன். குப்பைன்னு நெனச்சு நீ பொறுக்கி வெச்சிருக்க!”

டிசம்பர் 7, ஞாயிறு

விளக்கைப் போட்டே எழுதுகிறேன். நாளைய மாதா திருநாளுக்கு அம்மா பொரித்த உருளைக்கிழங்கு வளையத்தின் எண்ணெய், தாளெல்லாம். அக்கா எட்டிப் பார்த்து, “கருத்தரங்குல என்னதான் காட்டினாங்க, படிடீ,” என்கிறாள்.

மேடத்தின் கடைசிப் படத்தின் தலைப்பு: ‘தெக்லாவின் பட்டியல். சூரியன், முந்நூற்று நான்கு. தும்மல், எட்டு.’