காளை மீண்டதும் கதவு மீள வேண்டியதும்

மூன்று புறம் கடல் காவல் நிற்க, நான்காம் புறம் மலை நின்று காக்கும் தாழைமாநாட்டு மன்னர், குடிகள் கொடுத்ததை மறவாதவரும் கூடுதலாய்க் கொடுத்ததை அதனினும் மறவாதவருமான இளம்பரிதி மாவேளார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் பெருங்காரி எழுதி விடுக்கும் திருமுகம். கரைநாட்டு அதிபர் வில்லவரையர் காண்க. உம் நாட்டில் உப்பு விளைக; காற்று அளவோடு வீசுக; உம் முழங்கால் வலி நீங்குக. இங்கு யாவரும் நலம். கருவூல வாசலில் மட்டும் ஒரு கதவு தனியே நிற்கிறது. அது நின்ற வகையை அறிந்தபின் செய்ய வேண்டியதைச் செய்வீராக. அவரவர் பேச்சு அவரவர் பேசியபடியே இவ்வோலையில் ஏறியிருக்கிறது.

உம் நாட்டு உவர்த்துறையில் சாத்தங்கோதை என்னும் உப்பு வாணிகத்தி ஒருத்தி உண்டு. கணவன் மறைந்தான், மக்கள் இல்லை. ஒரு வண்டியும், மயிலை, செவலை என்று இரண்டு காளைகளும், நல்ல கதவுடைய ஒரு குடிலும் உண்டு. சென்ற தையில் வண்டிவரி எடுக்கப் போன நம் வரியாளர் இருவர், வண்டியின் இந்தப் பக்கம் நின்றவர் ஒரு சக்கரத்தைக் கண்டு ஒரு வண்டி என்றும், அந்தப் பக்கம் நின்றவர் மற்றச் சக்கரத்தைக் கண்டு இன்னொரு வண்டி என்றும் எழுதிக்கொண்டனர். முதல் வண்டிக்குரிய வரியை அவள் காசாகக் கொடுத்தாள். இல்லாத வண்டிக்குரிய வரிக்கு ஈடாக மயிலையைப் பிடித்துக்கொண்டு வந்தனர்.

அவள் முறையிட, கருவூலம் ஆராய்ந்து, கொண்டது கூடுதலே, காளையைத் திருப்பிக் கொடுக்க என்று வைகாசியில் தீர்ப்பு எழுதிற்று. எழுதிய தீர்ப்பு நேரானது. அது போய்ச் சேரும் வழிதான் வளைந்தது.

முன்னொரு காலத்தில் ஒருவன் மற்றொருவன் பெயரைச் சொல்லி அவனுடைய யானையைக் கருவூலத்தில் வாங்கிக்கொண்டு போய், கட்ட இடமின்றித் தானே வந்து அகப்பட்டான். அன்று தொட்டு, திருப்பும் பொருளை உடையவர் வாசற்கதவின் முன் கொண்டுபோய் மூன்று முறை பெயர் சொல்லி அழைக்க வேண்டும். உடையவரே கதவைத் திறந்து ஏன் என்று கேட்க வேண்டும். இல்லையேல் பொருள் கருவூலம் திரும்ப வேண்டும் என்பது முறை. உடையவர் நேரில் வந்து கேட்டாலன்றி எந்தப் பொருளும் கருவூலத்தை விட்டு நகராது என்பது இன்னொரு முறை. இரண்டையும் ஏற்படுத்தியவர் ஒருவரே என்று சொல்கிறார்கள். நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

கடற்கரையில் அவள் உப்பு மலைபோல் குவிந்திருந்தது. ஐப்பசி மழைக்குமுன் அதை மேட்டுநாட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். இல்லையேல் அவ்வளவும் கரைந்து கடலுக்கே திரும்பிவிடும், எவர் கதவையும் தட்டாமல். மயிலையின் இடத்தில் தானே நுகத்தில் தோள் கொடுத்துப் பார்த்தாள். செவலை அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நின்ற இடத்தில் நின்றது.

ஆனி முழுதும் வீட்டில் காத்திருந்தாள்; கேட்க ஆளில்லாததால் காளை நகரவில்லை. ஆடியில் நடந்தே தலைநகர் வந்து, கருவூலக் கண்காணி திருநந்தியைக் கேட்டாள்.

"ஐயா, என் மாடு எங்க நிக்குது?"

"நிற்கவில்லையம்மா. நீ கேட்டுவிட்டாய் அல்லவா, இதோ புறப்படுகிறது."

காளை அரச ஓடத்தில் ஏறிற்று. குடிகள் அரச ஓடத்தில் ஏறலாகாது. ஓடம் நீலியாற்று நீரோடு விரைந்து போக, அவள் கரையோடு நடந்தாள். பாதி வழியில், காவலன் பொறையன் மயிலையைத் தரைவழியே திருப்பி ஓட்டிக்கொண்டு எதிரே வந்தான். கருவூலப் புல்லில் கொழுத்திருந்த காளை அவளைக் கண்டதும் வழியோர மரத்தடியில் படுத்துக்கொண்டது.

"ஆத்தா, நீதான் அவள்னு எனக்கும் தெரியும், இந்த மாட்டுக்கும் தெரியும். முறைக்குத் தெரியணுமே. மூணு தரம் கூப்பிட்டேன். உன் வீட்டுப் பல்லிதான் பதில் சொல்லிச்சு" என்றான் பொறையன்.

"பல்லி சொன்னா ஊரே கேக்குது. உனக்கு மட்டும் என்னப்பா?" என்றாள் அவள்.

ஆவணியிலும் இவ்வாறே கேட்டாள். இவ்வாறே ஓடம் முந்திற்று. அதே மரத்தடியில் மூவரும் சந்தித்தனர். இம்முறை பொறையன் அவளுக்கும் சேர்த்துக் கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தான்.

உண்டு முடித்து ஊர் சேர்ந்த சாத்தங்கோதை, கதவைக் கழற்றித் தலையில் ஏற்றிக்கொண்டாள். வெயிலுக்கு அதையே கூரையாக்கி, இரவுக்குப் படுக்கையாக்கி, புரட்டாசி வெள்ளத்தில் நீலியாற்றைக் கடக்க அதையே ஓடமுமாக்கித் தலைநகர் வந்தாள். கோட்டை வாயிலில் நம் சுங்கத்தார் அதை விற்பனை மரம் என்று கருதி ஒரு படி உப்பு சுங்கம் கொண்டனர். கருவூலத்தின் முன் இரண்டு கல் முட்டுக் கொடுத்துக் கதவை நிறுத்தி, பின்னால் போய்ச் சாத்திக்கொண்டாள்.

"என்னம்மா இது?" என்று கேட்டார் திருநந்தி.

"வீட்லதான் இருக்கேன். யாரது?" என்று கதவின் பின்னிருந்து குரல் வந்தது.

அவை கூடிற்று. கதவு உடையவருடையதாக வேண்டும் என்கிறது முறை. அது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. இது அவள் கதவுதானா என்று பொறையனைக் கேட்க, தன் தடி பட்டுக் கீறிய இடத்தை அவன் காட்டினான். அதற்குள் மயிலை தானே வந்து, கன்றாயிருந்த நாள்முதல் தேய்த்துத் தேய்த்துக் குழியாக்கிய இடத்தில் இடக்கொம்பை வைத்துத் தேய்த்தது. மறுப்பார் இல்லை.

பொறையன் பெயர் சொல்லி அழைத்தான். அவள் முதல் அழைப்புக்கே திறந்துவிட்டாள். முறை மூன்று என்பதால், மீண்டும் சாத்திச் சாத்தி இன்னும் இருமுறை திறந்தாள்.

காளை கைக்கு வந்தபோது கிழக்கே மேகம் கறுத்திருந்தது.

"இதச் சுமந்தா உப்பு கரைஞ்சிடும். கதவு இங்கேயே கெடக்கட்டும். வேணுங்கிறவங்க பின்னால நின்னு ஏன்னு கேட்டுக்கட்டும்" என்று சொல்லி, மயிலையை ஓட்டிக்கொண்டு போனாள். கடைசி வண்டி மேட்டில் ஏறியபின் பெய்த மழை, அவள் சக்கரத் தடத்தை நனைத்ததோடு சரி என்று உம் ஆட்களே எழுதியிருக்கிறார்கள்.

அவள் காளையோடு போன மறுநாள் விடிந்தபோதே அக்கதவின் பின்னால் வரிசை கோட்டை மதில்வரை நின்றது. மன்னர் பல்லக்கை நிறுத்திப் பார்த்தார், அருளினார்.

ஆகவே, அக்கதவு அங்கேயே நிற்கும். அதன் பின் நிற்பார் எவர்க்கும் அது அவரவர் சொந்த வாசலாகும். எவர் பொருள் எங்கே நிற்கிறது என்பதைத் திருநந்தி வாரந்தோறும் அதன் முன் நின்று உரக்கச் சொல்வார். சுங்கமாகக் கொண்ட உப்பும், பழைய கதவுக்கு ஈடாக வேங்கைமரத்தில் செய்த புதிய கதவும் பொறையன் கையில் ஓடமேறி வருகின்றன. இவற்றைக் கேட்க அவள் வர வேண்டியதில்லை.

கதவில்லாத வீட்டில் எதைத் தட்டி அழைப்பது என்று பொறையன் ஐயம் எழுப்பியிருக்கிறான். அவை அதை ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை நீர் காத்திருக்க வேண்டாம். அவள் வீட்டில் இருந்தாலும், உப்போடு வழியில் இருந்தாலும், நீரே உடன் நின்று கதவைப் பொருத்துவீராக. மூன்று முறை அழைத்தேன், ஆளில்லை என்று பொறையன் கதவோடு திரும்புவானாகில், செவலைக்குப் பக்கத்து நுகம் அன்று அவனுக்கு உரியது, மயிலைக்கு ஓய்வு.

இது மன்னர் ஆணை. இரட்டைத் தாழம்பூ முத்திரை இட்டது.