சிவலை மாட்டின் குறி

மார்கழி, செவ்வாய் இரவு.

காலையில் என் வயலில் உடம்பெல்லாம் சேறு அப்பிய ஒரு சிவலை மாடு நெற்பயிரை மேய்ந்துகொண்டு நின்றது. பக்கத்து வயல் சிவராசாவின் மாடுதான் என்று உடனே முடிவு கட்டினேன். வரம்புத் தகராறுக்குப் பிறகு ஆறு வருடமாக அவரோடு பேச்சில்லை. மாட்டை இழுத்துக்கொண்டு போய், அவர் வீட்டுப் படலையில் நின்று ஊர் கேட்கத் திட்டினேன்.

அவர் மாட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, நேரே தொடையில் இருந்த சேற்றைக் கையால் துடைத்தார்.

“குறியைப் பாருங்கோ, மாஸ்டர். உங்கட மாட்டை எனக்குத் தாறதெண்டால் சந்தோசமா வாங்குவன்.”

சுட்டிருந்தது என் குறிதான். பட்டியை நேற்று நான்தான் சரியாக அடைக்கவில்லை. அவர் சிரித்த அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் பகை முடிந்திருக்கும். கேட்கவில்லை. சேற்றைத் துடைக்கும் முன்பே அது என் மாடென்று அவருக்கு எப்படித் தெரியும் என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.